அக்கா போகாத பொருட்காட்சி

அக்கா,

நேற்று உங்கள் பத்மாவின் மகள் காவ்யா இங்கே வந்திருந்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகள் இரண்டையும் முதல்முறையாக மெட்ராஸ் பக்கம் ஏதோ தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். கூடத்துத் தரையில் உட்கார்ந்து என்னென்ன எடுத்துப்போவது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தொப்பி, துண்டு, மாற்றுத் துணி, வாந்தி வந்தால் மாத்திரை. பிறகு பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு காகிதச் சுருளை எடுத்தாள். அதில் ஒரு துண்டைக் கிழித்து, பேரையும் போன் நம்பரையும் எழுதி, சின்னவளின் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினாள். புதுப் பசையின் வாசனை எனக்கு எட்டியது.

"கூட்டத்துல தொலைஞ்சா ஈசியா கண்டுபிடிச்சிடலாம் சின்னாயா" என்றாள்.

பக்கத்தில் பத்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நீங்க இன்னா சொல்றீங்க? இவ்ளோ சின்னதுங்களை இழுத்துக்கினு போலாமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் போவட்டுமா?" என்று காவ்யா என்னைக் கேட்டாள். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான். "போயிட்டு வாங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். நீங்கள் போய் மூன்று ஆடி கடந்துவிட்டது. உங்களிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல் போனதை இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

முசரவாக்கத்திலிருந்து நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாகறலிலிருந்து நீங்கள் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரில் என்னை எல்லாரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள், மூத்த ஓரகத்தி என்றால் இன்னொரு மாமியார் என்று. அங்கே மாமியாரே இல்லை, அவர் முன்னமே போய்விட்டிருந்தார். மாமாவும் அவருடைய இரண்டு மகன்களும், பின்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையும், அங்கே வேலை செய்யும் நான்கு ஆட்களும்தான். விடிந்ததும் பெரிய செப்பு அண்டாக்களின் கீழே அடுப்பு எரியும். சாயமும் சோடாவும் கலந்த ஆவி சமையல்கட்டு வரை வந்து சோற்றில் இறங்கும். முதல் வாரம் எனக்கு எதைத் தின்றாலும் குமட்டியது.

கிணற்றடியில் நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"இந்த வீட்டுக்கு ரெண்டு வழி இருக்குதும்மா. முன்வாசல் மாமாவுக்கு. கொல்லையில கீற சாக்கடை கலர் தண்ணிக்கு. நமக்கு இன்னும் வெக்கல" என்றீர்கள்.

நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை என்று பிறகு தெரிந்தது. மாமாவின் நாற்காலி வாசல் நடையில் இருக்கும். அவர் யாரையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. நாம் வாசலுக்கு வந்தால் எழுந்து நின்று "எங்கம்மா?" என்று கேட்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே போக வேண்டாம் என்று ஆகிவிடும். வாரம் ஒரு நாள் கோயிலுக்கு அவரே முன்னால் நடந்து கூட்டிப்போய்க் கூட்டிவருவார். தாய்வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு முறை, அண்ணனோ அப்பாவோ வந்து அழைத்தால். கொல்லைச் சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். அந்தச் சுவருக்கு மேலே வானமும் ஒரு கோபுரத்தின் உச்சியும் தெரியும். நம் ஊரிலிருந்து நமக்குத் தினமும் கிடைத்தது அவ்வளவுதான்.

அவரை வெறுக்கவும் முடியாதபடி நீங்களே ஒரு நாள் செய்துவிட்டீர்கள். சாயம் தோய்ந்த நூல் கத்தைகளை மூங்கிலில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"மாமாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சாம். அவருக்குப் பன்னெண்டு வயசாம், அதுக்கு அஞ்சு. கருட சேவைக்குப் போனப்ப இவருதான் கையைப் புடிச்சுக்கினு இருந்திருக்காரு. கூட்டம் தள்ளிச்சாம். கை வழுக்கிச்சாம். அவ்ளோதான்."

"அப்புறம் கெடைக்கலையாக்கா?"

"கெடைக்கவே இல்ல. அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் கூட்டம் இல்லாத நாளா பாத்துதான் சாமி கும்புடவே போறாரு."

அதற்குப் பிறகு அவர் "எங்கம்மா?" என்று கேட்டபோதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் கேட்பதுபோல் இருக்கும். வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சமாவது மூச்சு விட்டிருக்கலாம்.

பொருட்காட்சிப் பேச்சை முதலில் கொண்டுவந்தவன் உங்கள் சேகர். இரண்டாம் வகுப்பில் அவன் பக்கத்துப் பையன் பொங்கல் லீவில் மெட்ராஸ் போய் ராட்சத ராட்டினம் ஏறிவிட்டு வந்திருந்தான். மரணக் கிணற்றுக்குள் ஒருவன் சுவர்மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், குட்டி ரயிலையும், ஆளைக் குள்ளமாகக் காட்டும் கண்ணாடியையும் சேகர் ஒரு வாரம் விடாமல் சொன்னான். அவன் எதையும் பார்த்ததில்லை, கேட்டதைத்தான் சொன்னான். பத்மாவுக்கு அப்போது ஐந்து வயது.

"அந்த ராட்டினத்து மேல ஏறுனா நம்ம வூடு தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"ஏறிப் பாத்துட்டு நீயே சொல்லு" என்றீர்கள்.

அப்படிச் சொல்லும்போது உங்கள் கை சோறு பிசைவதை நிறுத்தியதைக் கவனித்தேன். அன்று மத்தியானமே பூக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த அம்மாவின் மகளைச் சைதாப்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். வருடா வருடம் பேரப்பிள்ளைகளோடு பொருட்காட்சிக்குப் போய்வந்தவள்.

"உள்ள நொழைஞ்சதும் சோத்தாங்கைப் பக்கம் ராட்டினம். அத்தத் தாண்டிப் போனா அப்பளக் கடை. ஒவ்வொரு அப்பளமும் மொறம் அகலம் இருக்கும்மா, சாமி சத்தியமா!"

பூவை அளந்து வாங்கும் சாக்கில் நாள்தோறும் ஒரு கேள்வி கேட்டீர்கள். பஸ் எங்கே நிற்கும், குழந்தைகளுக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது, குடிக்கத் தண்ணீர் உள்ளே கிடைக்குமா. சாயப் பொட்டலம் சுற்றிவந்த பழைய செய்தித்தாள்களை நீவி நீவிப் படித்து, பொருட்காட்சி பற்றி எழுதியிருந்த துண்டுகளைக் கத்தரித்து டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தீர்கள். எட்டாவது படித்தவர் நீங்கள். நான் ஐந்தாவது. எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள்.

முதல் வருடம் மாமாவிடம் கேட்டபோது "வேணாம்மா" என்றார். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். உங்களுக்கு முடியவில்லை. "இந்த வருசம் வேணாம்னுதானே சொன்னாரு" என்று பன்னிரண்டு மாதத்துக்கும் திட்டம் போட ஆரம்பித்தீர்கள்.

அக்கா, கொல்லையில் நீங்கள் கோலப்பொடியால் போட்ட அந்தப் பொருட்காட்சி எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. கிணறு இருந்த இடம்தான் ராட்டினம். துணி துவைக்கும் கல் குட்டி ரயில் நிலையம். கொய்யா மரத்தடி அப்பளக் கடை. மாமா சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரத்தில் குழந்தைகள் மூன்றையும் வரிசையாக நிற்க வைப்பீர்கள். என் ரவிக்கு மூன்று வயதுதான், அவனுக்கு எதுவும் புரியாது, ஆனாலும் நிற்பான். நானும் நீங்களும் கூடைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டமாக மாறுவோம். இடிப்போம், தள்ளுவோம், நடுவில் புகுந்து பிரிப்போம். குழந்தைகள் கையை விடக் கூடாது. விட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம்.

"கை வுட்டுப் போச்சு. இப்ப இன்னா பண்ணுவ?"

"ஓட மாட்டேன்."

"அழுவியா?"

"அழுவ மாட்டேன். நின்ன எடத்துலயே நிப்பேன். ரொம்ப நேரமாச்சுன்னா போலீஸ்காரர் கிட்ட மைக் செட் எங்கன்னு கேப்பேன்."

"பேரு?"

"பத்மா. காஞ்சிபுரம். சாயப்பட்டறை வூடு."

மூன்று பேரிலும் அவள்தான் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வாள். சேகர் போலீஸ்காரர் என்ற இடத்தில் சிரித்துவிடுவான். மாமா எழுந்து செருமும் சத்தம் கேட்டதும் நீங்கள் ஒரு வாளித் தண்ணீரை வீசுவீர்கள். ராட்டினமும் ரயிலும் கரைந்து சாக்கடையில் போய்விடும். மறுநாள் மறுபடியும் போடுவீர்கள். மற்ற நேரங்களில் அந்த வீட்டில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தது. அந்த அரைமணி நேரம் மட்டும் அடைக்காது.

இரண்டாம் வருடம் பொங்கலுக்கு முன்னால் மாமாவுக்குச் சோறு போடும்போது கேட்டீர்கள். பெண்கள் கேட்க வேண்டியதைத் தங்கள் வீட்டுக்காரர் வாயால்தான் கேட்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். உங்கள் வீட்டுக்காரர் அப்பா முன்னால் வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்து நீங்களே கேட்டீர்கள்.

"கொழந்தைங்க கூடப் படிக்கிறதுங்க எல்லாம் பாத்துட்டு வந்துடுச்சுங்க மாமா. இதுங்க மட்டும்தான் கேட்டுக்கினே இருக்குதுங்க."

மாமா பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"சரி. பெரியவன் வேணாம், தை முகூர்த்தத்துக்குச் சாயம் நெறைய கீது. சின்னவன் கூட்டிக்கினு போவட்டும். சின்னவன் போறான்னா சின்னவளும் கூடப் போவட்டும். ஆளுங்களுக்குச் சோறு போட நீ இருந்துக்கம்மா."

அவர் அதை ஒரு தண்டனையாகச் சொல்லவில்லை. கணக்குக்கு அது சரியாக வந்தது, அவ்வளவுதான். நீங்கள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை.

"சரி மாமா" என்றீர்கள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "நான் இருக்கிறேன், அக்கா போகட்டும்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களுக்காக வருந்தினேன் என்பது உண்மை. அந்த வருத்தத்துக்கு அடியில் எனக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்ததும் உண்மை. நான் முன்வாசல் வழியாக வெளியே போகப்போகிறேன்.

புறப்படும் நாளில் புளிச்சோறு கட்டிக்கொடுத்தீர்கள். பத்மாவுக்கு இரட்டைச் சடை பின்னினீர்கள். சட்டைக்கு உள்பக்கம் ஊரும் பேரும் எழுதிய சீட்டை ஊக்கால் குத்தினீர்கள், மூன்று பேருக்கும். "பஸ்ல ஜன்னலோரம் சேகரை வெக்காத, கையை வெளிய நீட்டுவான்" என்றீர்கள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மாமாவின் நாற்காலிக்குப் பின்னால், நடையின் இருட்டில், ஈரக் கையோடு நின்றிருந்தீர்கள்.

பொருட்காட்சி எப்படி இருந்தது என்று மறுநாள் உங்களிடம் சொன்னதெல்லாம் நிஜம்தான், அக்கா. சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். ராட்டினம் ஏறி இறங்கியாகிவிட்டது. ரவி ஒன்றுக்கு வருகிறது என்று குதித்ததால் உங்கள் கொழுந்தனார் அவனைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பளக் கடைப் பக்கம் நான் சேகரை இடது கையிலும் பத்மாவை வலது கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மரணக் கிணற்றில் ஒரு காட்சி முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் ஒரு பெண் முந்தானை பறக்கச் சிரித்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் நானும் அங்கேதான் இருந்தேன் என்று நம்பமுடியாமல் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றேன். யாரோ இடித்தார்கள். வலது கை காலியாக இருந்தது.

சேகரை இழுத்துக்கொண்டு ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்று தெரியவில்லை. இரட்டைச் சடைகள் எல்லாம் பத்மாவாகத் தெரிந்தன. ஒரு குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பி அதன் அம்மாவிடம் வசவு வாங்கினேன். அந்த நேரத்தில் மாமாவை எனக்கு முழுக்க முழுக்கப் புரிந்தது. வீட்டுக் கதவைச் சாத்திவைத்தால்தான் என்ன? கொல்லைச் சுவருக்குக் கண்ணாடிச் சில்லு பதித்தால்தான் என்ன? உலகத்தில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடலாம் என்று தோன்றியது. "சாமி, இவளை மட்டும் கொடுத்துவிடு, நான் இனிமேல் அந்த வீட்டை விட்டு வெளியே வரவே மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். மந்திரம் மாதிரி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒலிபெருக்கியில் பாட்டு நின்றது.

"காஞ்சிபுரம், சாயப்பட்டறை வீடு, பத்மா என்கிற குழந்தை இங்கே இருக்கிறது. குழந்தையின் சித்தி எங்கிருந்தாலும் உடனே வரவும்."

கூடாரத்துக்குள் ஒரு மேசைமேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி பிஸ்கட். பக்கத்தில் தொப்பியைக் கழற்றிவைத்த ஒரு போலீஸ்காரர். "கெட்டிக்காரப் பொண்ணும்மா, அழவே இல்ல" என்றார். நான் அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். அவள் என் பிடியிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டு, ரொம்ப நியாயமாகச் சொன்னாள்.

"நான் ஓடவே இல்ல சித்தி. நின்ன எடத்துலயேதான் நின்னேன். நீங்கதான் போயிட்டீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டியதும் குழந்தைகளிடம் பேசினேன். உங்கள் கொழுந்தனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்றும் அவர் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"வூட்ல இத்தச் சொல்லக் கூடாது. தாத்தாவுக்குத் தெரிஞ்சா இனிமே யாரையும் எங்கியும் அனுப்ப மாட்டாரு."

"அம்மா கிட்ட?" என்றாள் பத்மா.

"அம்மா கிட்டயும்தான்."

யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வீடு வந்து சேர்ந்தபோது மூன்றும் தூங்கிவிட்டிருந்தன. மாமா வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டதும்தான் உள்ளே போனார்.

மறுநாள் குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மூங்கிலடிக்கு என்னை வரச்சொன்னீர்கள். ஒன்று விடாமல் கேட்டீர்கள். ராட்டினம் எத்தனை பெட்டி? உச்சியில் நின்றதா, நிற்காமல் சுற்றியதா? வயிற்றில் எப்படி இருந்தது? எனக்குச் சொல்லத் தெரியாத இடங்களில் நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள் வருத்தத்தைக் குறைப்பதாக நினைத்து "அப்பிடி ஒண்ணும் பிரமாதம் இல்லக்கா" என்றேன். உங்கள் முகம் சிவந்துவிட்டது.

"எங்கிட்ட அப்பிடிச் சொல்லாத. நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. நல்லா இல்லாததுக்கா வருசம் பூரா கோலம் போட்டேன்?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். "ராட்டினம் மட்டும் நொட்டாங்கைப் பக்கம் இருந்துச்சு."

கால் கட்டைவிரலால் மண்ணில் ராட்டினத்தை இடது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டீர்கள். பிறகு நூல் கத்தையை உதறிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் கேட்டீர்கள்.

"கூட்டம் அதிகமா? கையை வுடலையே?"

"வுடலக்கா" என்றேன்.

"ம்" என்றீர்கள்.

மூன்றாவது வருடம் உங்கள் முறை. நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள், "இந்த வாட்டி என் மொறை, நீ சோறு போடு." நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். மார்கழி பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் வலது கை காலியாகும். உங்கள் வீட்டுக்காரர் அப்பாவி. கூட்டத்தில் அவர் யாரைப் பிடிப்பார், யாரை விடுவார்? நான் விட்ட குழந்தை திரும்பக் கிடைத்துவிட்டது, அடுத்த தடவையும் கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? உங்களிடம் உண்மையைச் சொல்லி எச்சரிக்கலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். "வுடலக்கா" என்று ஏற்கெனவே சொன்ன வாய் திறக்கவில்லை.

மாமா அந்த வருடம் இளகித்தான் இருந்தார். போன தடவை தலைகள் சரியாகத் திரும்பி வந்துவிட்டன அல்லவா. நீங்கள் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ போயிட்டு வந்தவளாச்சேம்மா. எப்பிடி? கொழந்தைங்களைக் கூட்டிக்கினு போலாமா?"

நீங்கள் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தீர்கள். நான் நம் கட்சி என்று உங்களுக்கு அவ்வளவு உறுதி.

"கூட்டம் ரொம்ப அதிகம் மாமா. கொழந்தைங்களைக் கூட்டிக்கினு போற எடம் இல்ல" என்றேன்.

"அவளே சொல்றா பாரு" என்றார் மாமா. நிம்மதியாகக் காப்பியைக் குடித்து முடித்தார்.

நீங்கள் உள்ளே போய்ப் பருப்புக்கு உப்புப் போட்டீர்கள். ஏன் இப்படிச் சொன்னாய் என்று அன்றைக்குக் கேட்பீர்கள், மறுநாள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்டால் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று இருந்தேன். சாயங்காலம் வழக்கம்போல என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டீர்கள். சிக்கை எடுக்கும்போது வலிக்காமல் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டீர்கள், எப்போதும்போல. அதை என்னால் தாங்க முடியவில்லை. கொல்லையில் கோலப்பொடி ராட்டினம் அதற்குப் பிறகு வரவே இல்லை. குழந்தைகளும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டு மறந்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் நாம் இன்னும் பதினான்கு வருடம் இருந்தோம். முன்பெல்லாம் கதவைச் சாத்தியவர் மாமா ஒருவர்தான். அதற்குப் பிறகு நானும் ஒரு கை கொடுத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். மாமா போனார். பாகம் பிரிந்தது. நாங்கள் செவிலிமேட்டுக்கு வந்தோம். பத்மாவுக்குக் கல்யாணமாகி, காவ்யா பிறந்து, அவளுக்கு ஏழு வயதானபோது மெட்ராஸில் புதிதாகத் திறந்த ஒரு பூங்காவுக்கு நம் எல்லாரையும் வேனில் கூட்டிப்போனாள் பத்மா. நினைவிருக்கிறதா? உங்கள் முழங்கால் அப்போதே போய்விட்டிருந்தது. மரநிழலில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டீர்கள்.

"ஒரே ஒரு தடவை ஏறும்மா" என்று பத்மா கெஞ்சினாள்.

"அப்ப ஏறியிருக்கணும்டீ. இப்ப ஏறுனா எறங்கறதையே நெனைச்சுக்கினு இருப்பேன்" என்று சிரித்தீர்கள்.

நானும் ஏறவில்லை. உங்கள் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

கடைசியில் நீங்கள்தான் சொன்னீர்கள். பத்மா வீட்டில் படுக்கையில் இருந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. காலை வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. நான் சாத்துக்குடி உரித்துச் சுளையாக உங்கள் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். பத்மா கடைக்குப் போயிருந்தாள்.

"அன்னிக்கு மெட்ராஸ்ல இவ தொலைஞ்சுபோனது எனக்குத் தெரியும்" என்றீர்கள்.

சுளை என் கையிலேயே நின்றுவிட்டது.

"மறுநாள் காலையில குளிப்பாட்டும்போதே சொல்லிட்டா. 'சித்தி சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க, அதனால மெதுவா சொல்றேன்'னு காதுல சொன்னா."

"அப்பவே தெரிஞ்சும் ஏங்க்கா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. கையை வுடலையேன்னு கேட்டேன். நீ வுடலன்னு சொன்ன." கொஞ்சம் இருமினீர்கள். "அதுக்கு மேல கேட்டா நீ அழுவ. அழுதா மாமா காதுல வுழும். அவரு கதவை மூடிடுவாருன்னு பயந்தேன். கடைசில பாத்தா நீ மூடிட்ட."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை, அக்கா. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

"நீ பயந்துட்ட, அவ்ளோதான். எனக்குப் புரிஞ்சுது. ஆனா எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா சொல்லிக் குடுத்திருப்பேன். சொல்லிக் குடுத்துட்டு நானும் ஒரு வாட்டி போயிட்டு வந்திருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பத்மா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் என் கையிலிருந்த சுளையை நீங்களே எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். எட்டாம் நாள் போய்விட்டீர்கள்.

மன்னித்துவிடு என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழகவில்லை. அதைக் கேட்கவும் இதை நான் எழுதவில்லை. நீங்கள் எப்போதோ விட்டுவிட்டதை நான் கேட்டு வாங்குவது வெறும் சடங்கு. பத்மாவைத் தொலைத்த அந்த அரைமணி நேரம்கூட இப்போது என்னை அவ்வளவு வாட்டுவதில்லை. அவள் என் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்கிறாள். என்னை விடாமல் இருப்பது மாமா காப்பி டம்ளரோடு என் பக்கம் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை கேட்டார்கள், என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், நீங்களும் நின்றுகொண்டு காத்திருந்தீர்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்னிடம் அப்படியே இருக்கிறது. துணி மடிக்கும்போதும், பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும், தலை வாரிக்கொள்ளும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இவ்வளவு வருடம் சொல்லிச் சொல்லி இப்போது ஒரு இடத்திலும் குரல் தடுக்குவதில்லை.

"நல்லா இருக்குது மாமா. அக்கா போயிட்டு வரட்டும்."